குழந்தை உள்ளே, நாங்கள் படிக்கட்டில்

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | திங்கள், இரவு 11.50

இந்த இணைய மன்றத்தில் இதுவரை டயர், டீசல், துறைமுகக் கேட் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு விஷயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் மனைவிக்கு 31 வாரம். போன வாரம் கால் வீங்கி, தலைவலி தாங்கவில்லை என்றாள். பக்கத்து நர்சிங் ஹோமில் பார்த்தால் பிரஷர் 170ஐத் தாண்டியிருந்தது. இங்கே முடியாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 108ஐக் கூப்பிட்டு ஓர் அரசு மருத்துவமனைக்கு வந்தோம். வந்ததும் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பார்த்தால், இரண்டு நாள் ஊசி போட்டபடியே வைத்திருந்தார்கள். சனிக்கிழமை விடியற்காலைதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. 1,280 கிராம்.

துணியில் சுற்றி ஒரு நொடி காட்டினார்கள். முகம் என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அப்படியே பச்சிளங்குழந்தை வார்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மனைவி இரண்டாவது மாடியில், குழந்தை முதல் மாடியில், நான் நடுவில் படிக்கட்டில். காலையில் ஒரு டாக்டர் வெளியே வந்து "ஸ்டேபிள்" என்கிறார். அது நல்லதா கெட்டதா? கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே மெஷின் சத்தம். ஒவ்வொரு தடவையும் என் குழந்தைதான் என்று நினைத்து எழுந்து நிற்கிறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னரோடு எட்டு மணி நேரம் நின்றவன் நான். அங்கேயாவது முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணிக்கொள்ளலாம். இங்கே எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை.

இன்று எடை 1,190 என்கிறார்கள். குறைகிறதே? யாரிடம் என்ன கேட்பது?

வியாசர்பாடி இரட்டை அம்மா | செவ்வாய், அதிகாலை 12.20

தம்பி, முதலில் சாப்பிட்டீர்களா? இதைக் கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் கேட்கிறேன்.

என் பிள்ளைகள் இருவரும் 30 வாரத்தில் வந்தவர்கள். இப்போது இரண்டாம் வகுப்பு. பெரியவன் 1,150இல் பிறந்து 1,020 வரைக்கும் இறங்கினான். நான் வார்டில் கத்தி அழுதேன். முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் உடம்பு நீர்தான் என்று அப்புறம்தான் சொன்னார்கள். பிறந்த எடைக்குத் திரும்பவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். தினமும் எடையைக் கேட்டுக் கேட்டு மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டாக்டர் வரும்போது ஐந்தே கேள்வி: மூச்சுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா. பால் எத்தனை மில்லி. தொற்று ஏதாவது சந்தேகமா. இன்று என்ன டெஸ்ட். நாளைக்கு என்ன பார்க்கப் போகிறீர்கள். பதிலை அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதுகிறவனைப் பார்த்தால் டாக்டர் இன்னும் இரண்டு வாக்கியம் கூடச் சொல்வார். அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உங்கள் வீட்டம்மா பால் பீய்ச்சுகிறாரா? எனக்கு மூன்றாம் நாள் வரை யாரும் சொல்லவில்லை. பிள்ளை குடிக்கிற நிலையில் இல்லையே, பால் எதற்கு என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

இரவு டூட்டி | செவ்வாய், அதிகாலை 3.15

நான் பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். டீ குடிக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

அந்த இரண்டு நாள் ஊசி வீண் இல்லை அண்ணா. ஒரு பக்கம் அம்மாவுக்கு ஃபிட்ஸ் வராமல் இருக்க மருந்து போயிருக்கும். இன்னொரு பக்கம் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. அது உள்ளே போய்ப் பிறந்த குழந்தைக்கும் போகாமல் பிறந்த குழந்தைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எங்களுக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். உங்களைக் காக்க வைத்ததாக நினைத்தீர்கள். காரணத்தை அப்போதே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் பக்கத்துத் தப்பு.

"ஸ்டேபிள்" என்றால் நேற்றைவிட மோசமாகவில்லை என்று அர்த்தம். ஆபத்து தாண்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதல் சில நாளில் அதைவிடப் பெரிய நல்ல செய்தியை எங்களால் தர முடியாது.

சத்தத்துக்கு வருகிறேன். பாதி நேரம் காலில் ஒட்டிய சென்சார் கழன்றிருக்கும். குறைமாதக் குழந்தை சில நொடி மூச்சு விட மறந்துவிடும், மூளை இன்னும் பழகவில்லை. உள்ளங்காலைத் தட்டினால் திரும்ப இழுக்கும். அதற்குத்தான் காஃபீன் மருந்து, நீங்கள் காபியில் குடிக்கிற அதே காஃபீன்தான். 34 வாரத்தை ஒட்டி இந்த மறதி பெரும்பாலும் போய்விடும். அப்புறம், ஆக்சிஜன் வைத்திருக்கும்போது திரையில் 100 காட்டினால் உறவுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் ஓடிவந்து குறைப்போம். இந்தக் குழந்தைகளுக்கு 90க்கும் 95க்கும் நடுவில் நின்றால் போதும். கூடுதல் ஆக்சிஜன் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும்.

பால் விஷயத்தில் அக்கா சொன்னதுதான். இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், மஞ்சளாக. சீம்பால். இரண்டு மில்லி வந்தாலும் சிறு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள், கொட்டிவிடவேண்டாம். வாயில் தடவினாலே பலன் உண்டு.

டீ ஆறிவிட்டது. வருகிறேன்.

மணலிக்காரர் | செவ்வாய், காலை 8.05

முதலில் அந்த நர்சிங் ஹோம் மேல் புகார் கொடுங்கள் சார். கர்ப்பிணியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது, முடிந்தால் தனியாருக்கு மாற்றுங்கள். என் மச்சான் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 14,000 ரூபாய் ஆனது. ஆனால் போன் செய்து தினமும் விவரம் சொன்னார்கள்.

மூன்றாவது, உள்ளே விடச்சொல்லி மட்டும் அடம்பிடிக்காதீர்கள். கிருமி போனால் அந்தப் பிஞ்சு தாங்காது. வாசலில் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

வியாசர்பாடி இரட்டை அம்மா | செவ்வாய், காலை 8.40

14,000ஐ 40 நாளுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார், டிரெய்லர் ஓட்டுகிறவரிடம்.

1,200 கிராம் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றுவதும் சின்ன விஷயம் இல்லை. குளிர் பட்டால் போதும். அங்கே மெஷின் இல்லை, டாக்டர் இல்லை என்றால் மாற்றலாம். போன் வரவில்லை என்பதற்காக மாற்றக்கூடாது. அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு எல்லாமே இலவசம், 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். மருந்து வெளியே வாங்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். தனியாருக்குப் போகிற நிலை வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொண்டு முதல் நாளே காப்பீட்டுக் கவுண்ட்டரில் நிற்க வேண்டும், பில் போட்ட பிறகு இல்லை.

இரவு டூட்டி | செவ்வாய், மாலை 6.30

மணலி அண்ணாவுக்கு. நானும் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் நம்பினேன். கதவில் நின்று பெற்றவர்களை விரட்டியதும் நான்தான்.

டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2021இல் முடிவு வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,200க்கு மேற்பட்ட குழந்தைகள். ஒரு பாதியைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்தார்கள், அதாவது தாய்க்கு அந்த வார்டுக்குள்ளேயே கட்டில். இன்னொரு பாதியை வழக்கம்போல் தனியாக வைத்து, தேறிய பிறகு தாயிடம் கொடுத்தார்கள். 28 நாளுக்குள் தனியாக வைத்ததில் 100க்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்தன. தாயோடு இருந்ததில் 12. கிருமி? தாயோடு இருந்த குழந்தைகளுக்குத்தான் தொற்றுச் சந்தேகமும் குறைவு. இதற்கு மேல் யாரையும் பிரித்து வைப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டுதலை மாற்றியது.

நம் நாட்டிலும் 2017இலேயே மத்திய அரசு எழுதிவைத்திருக்கிறது, பெற்றவர்களுக்குக் கை கழுவப் பழக்கி உள்ளே விடுங்கள் என்று. கிருமி முக்கால்வாசி கையில்தான் வருகிறது, அதில் எங்கள் கையும் சேர்த்தி. மோதிரம், வளையல் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு வருகிற அம்மாவால் ஆபத்து குறைவு. பத்துப் பேர் மாறி மாறி எட்டிப்பார்ப்பதுதான் ஆபத்து. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.

பின்னே ஏன் விடுவதில்லை என்றால், இடம் இல்லை. நாற்காலி போட இடம் இல்லை. ஒரு செவிலியருக்கு எத்தனை வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கிற கட்டில்) என்று சொன்னால் பயப்படுவீர்கள், சொல்லவில்லை. கதவைச் சாத்திவைப்பது எங்களுக்குச் சுலபம், அவ்வளவுதான் காரணம்.

டிரெய்லர் அண்ணா, நாளைக்குக் கேளுங்கள்: "கங்காரு எப்போது ஆரம்பிக்கலாம்?" இதே வார்த்தையில் கேளுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல்போய் ஒரு டாக்டர் தாயின் நெஞ்சையே இன்குபேட்டராக்கியதுதான் இது. மூக்கில் குழாய் இருந்தாலும் செய்யலாம். தகப்பனும் செய்யலாம்.

திருவொற்றியூர் பாட்டி | செவ்வாய், இரவு 9.10

(பேரன் தட்டச்சு செய்கிறான்.) ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும் ராசா, எட்டாம் மாசத்துப் பிள்ளைதான் கஷ்டம். உனக்கு 31 வாரம் என்றால் எட்டாம் மாசக் கணக்கா ஏழாம் மாசக் கணக்கா என்று பார்க்க வேண்டும். வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள். வீட்டுக்கு வந்ததும் கழுதைப்பால் ஒரு சங்கு ஊற்று, சளி பிடிக்காது.

இரவு டூட்டி | செவ்வாய், இரவு 9.45

பாட்டி, வேண்டிக்கொள்ளட்டும். மற்ற இரண்டும் வேண்டாம்! ஒவ்வொரு வாரம் கூடக்கூடக் குழந்தைக்கு நல்லதுதான். எட்டில் பிறந்தால் ஏழைவிடத் தேறும், மாறாக இல்லை. கழுதைப்பால், சேனைத்தண்ணீர், மந்திரித்த தண்ணீர், வசம்பு, எதுவும் ஆறு மாதத்துக்கு வாயில் படக்கூடாது. குறைமாதக் குடல் இற்றுப்போகிற அளவுக்கு நோய் வரும். ஒன்றைப் பார்த்திருக்கிறேன், போதும்.

ஆனால் சங்கு என்றீர்களே, அதில் அர்த்தம் உண்டு. குழாயிலிருந்து குழந்தையை மாற்றும்போது நாங்களும் பாலாடை என்கிற சங்கு மாதிரிக் கிண்ணத்தில்தான் ஊட்டுகிறோம். புட்டி கிடையாது. டாக்டர்கள் ஆங்கிலக் கட்டுரையில்கூட அதைப் பாலாடை என்றே எழுதுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | ஞாயிறு, இரவு 10.15

ஒன்பதாம் நாள். தள்ளிப் பதில் போடுவதற்கு மன்னிக்கவும்.

நோட்டு வாங்கினேன். முதல் நாள் டாக்டர் முறைத்தார். மூன்றாம் நாள் அவரே "எங்கே நோட்டு?" என்றார். கங்காரு கேட்டதும் ஒரு சிஸ்டர் சிரித்துவிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். இன்று மதியம் மனைவி நெஞ்சில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். எடை 1,210, ஏற ஆரம்பித்துவிட்டது.

ஆனால் மனைவியை ஏழாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். தாய்மார் தங்கும் அறையில் இடம் இல்லை. தையல் வலியோடு தினமும் வீட்டிலிருந்து வருகிறாள். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் காசு மிச்சம், ஆனால் அந்தப் படி ஏறுவதைப் பார்க்க முடியவில்லை. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் பால். நடுவில் கதவோரம் ஒரு பெஞ்சில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பீய்ச்சுகிறாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க. இதற்கு ஒரு திரைகூடவா போட முடியாது?

நான் நான்கு லோடு விட்டுவிட்டேன். ஓனர் ஒன்றும் சொல்லவில்லை, இதுவரைக்கும்.

மணலிக்காரர் | ஞாயிறு, இரவு 10.50

திரை விஷயத்தை மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். கோபமாக இல்லாமல், "தாய்மார்களுக்குத் திரை வேண்டும்" என்று ஒரே வரி. நான் எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் வாருங்கள்.

போன தடவை நான் சொன்னது பாதி தப்பு. மச்சானிடம் கேட்டேன், 22 நாளில் அவன் குழந்தையைத் தொட்டது டிஸ்சார்ஜ் அன்றுதானாம்.

பெரம்பூர்வாசி | திங்கள், அதிகாலை 1.30

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டிரெய்லர் சார், இது உங்களுக்கு இல்லை, இப்போது இதைப் படிக்க வேண்டாம்.

எங்கள் பையன் 26 வாரம். ஒன்பது நாள் இருந்தான். கடைசி நாள் ஒரு சிஸ்டர், விதி என்னவோ தெரியாது, என்னை உள்ளே கூப்பிட்டு மடியில் கொடுத்து ஸ்கிரீனை இழுத்துவிட்டார். இருபது நிமிஷம். எனக்கு இருப்பது அதுதான்.

வீட்டுக்கு வந்தபின் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அழுவேன் என்று பேசவில்லையாம். பால் மட்டும் நிற்கவில்லை. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லியும் அனுப்பவில்லை. துணியை இறுக்கிக் கட்டிக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். நான் மத்திய அரசு ஊழியர். குழந்தை இறந்தால் 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022இல் ஆணை வந்தது. எனக்கு அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இருபதாம் நாள் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் இருந்தவர், "அடுத்தது நல்லபடியா நடக்கும்மா" என்றார். நல்ல மனுஷர்தான்.

பிள்ளையை இழந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், பால் நிறுத்துவதற்குக் கட்டாயம் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

இரவு டூட்டி | திங்கள், அதிகாலை 4.05

பெரம்பூர் அக்கா, படித்தேன். பையனுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா?

பெரம்பூர்வாசி | திங்கள், காலை 7.20

வைத்திருந்தோம். இங்கே எழுத மாட்டேன். கேட்டதற்கு நன்றி.

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், மாலை 5.00

நான் அவர் மனைவி. அவர் போனில் எழுதுகிறேன், குளிக்கப் போயிருக்கிறார்.

எல்லோரும் அவரிடம் குழந்தை எடையைக் கேட்கிறார்கள். என்னிடம் கேட்பது வேறு: உப்பு அதிகம் சாப்பிட்டாயா, மாடிப்படி ஏறினாயா, கிரகணத்தில் வெளியே போனாயா. முதல் நாள் உள்ளே போனபோது அவள் கையில் கட்டியிருந்த அட்டையில் என் பெயர்தான் இருந்தது. அவளுக்கென்று பெயர் இல்லையே. அதைப் பார்த்ததும் இவ்வளவுக்கும் நான்தான் காரணம் என்று எழுதி ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. ஒரு வாரம் அவளை நேராகப் பார்க்கவே முடியவில்லை. பால் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். அவருக்கு இது தெரியாது, இப்போது படிப்பார்.

நெஞ்சில் வைத்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, திரையில் துடிப்பு எண் மெல்ல இறங்கி ஒரே இடத்தில் நின்றது. தூங்கிவிட்டாள். சிஸ்டர், "அம்மா வாசனை தெரியுது பாரு" என்றார். அப்புறம் ஓடவில்லை.

பெரம்பூர் அக்கா எழுதியதையும் படித்தேன். எங்களுக்குப் பக்கத்து வார்மரும் ஒரு நாள் காலையில் காலியாக இருந்தது. அந்த அம்மாவும் நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து பீய்ச்சியவர்கள். நம்பர் வாங்கிவைக்கவில்லை.

இரவு டூட்டி | செவ்வாய், இரவு 8.20

தங்கச்சி, உப்பும் இல்லை, படியும் இல்லை, கிரகணமும் இல்லை. நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடுகிற ஆரம்ப மாதங்களிலேயே இந்தப் பிரஷருக்கு விதை விழுந்துவிடுகிறது. உனக்குக் கர்ப்பம் என்று ஊருக்குத் தெரியும் முன்பே. கேட்பவர்களிடம் இதைக் காட்டு.

அழுகை, தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் உன்னைப் பற்றியும் சொல். குழந்தையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதே. உன் பிரஷரையும் விட்டுவிடாமல் பார்.

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | வியாழன், இரவு 9.30

படித்தேன். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

செய்தி: நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். 34ஆம் நாள், 1,780 கிராம். போன வாரத்திலிருந்து நானும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்கிறேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது, சுற்றிலும் பெண்கள். குழந்தை என் நெஞ்சு முடியைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் இன்னொரு அப்பா, காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரும் சட்டையைக் கழற்றினார்.

திரை வந்துவிட்டது. பச்சைத் துணி, இரண்டு கம்பி. மணலி சார் எழுதிய கடிதமா, இல்லை தானாக வந்ததா தெரியாது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் பதிவு செய்தாகிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாமாம். பெயருக்கு வீட்டில் இரண்டு கட்சி.

வியாசர்பாடி இரட்டை அம்மா | வியாழன், இரவு 9.50

கண் பார்த்தாகிவிட்டதா? 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை. காது டெஸ்ட்? வீட்டிலும் கங்காரு தொடர வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் தூக்கக்கூடாது, எங்கள் மாமியாரைத் தடுக்கத்தான் நான் பட்ட பாடு.

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | வியாழன், இரவு 10.05

28ஆம் நாள் பார்த்தார்கள் அக்கா. விழித்திரையில் இரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரை வளரவில்லை, நோய் இல்லை, ஆனால் இரண்டு வாரத்தில் மறுபடி காட்டுங்கள் என்றார்கள். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. காது அங்கேயே பார்த்துவிட்டார்கள், சரியாக இருக்கிறது.

இரவு டூட்டி | வெள்ளி, அதிகாலை 2.40

நோய் இல்லை என்றதைக் கேட்டு அடுத்த தடவை போகாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முற்றிவிட்டால் பார்வை திரும்பாது, நேரத்தில் பிடித்தால் லேசரிலோ ஊசியிலோ நிறுத்திவிடலாம். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, கூட்டம் எப்போதும் இருக்கும். காலையிலேயே போங்கள். கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். பரிசோதனைக்கு முன்னால் எப்போது கடைசிப் பால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குல்லா, காலுறை மறக்கவேண்டாம்.

கொருக்குப்பேட்டை டிரெய்லர் | வெள்ளி, காலை 6.10

சரி சிஸ்டர். அடுத்த வெள்ளி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் குழந்தைக்கு வெயில் படாது என்கிறாள் மனைவி. அன்றைக்கு லோடு வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன்.